தட்டாமாலையும் இருட்டுக் கடலும்



சென்ற மாதம் சிதம்பரம் போயிருந்தேன். கோயிலுக்குள் சிவகங்கைக் குளத்தங்கரையில் நாலைந்து பிள்ளைகள் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று நின்றதும் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கோபுரம் சுத்துது!" என்று கத்தினாள். கோபுரம் நின்ற இடத்தில்தான் நின்றது. அவள் காதுக்குள் இருக்கும் நீர்தான் இன்னும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் பிச்சாவரம் பக்கம் போனபோதும் அந்தச் சிறுமியின் நினைவுதான். 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், இரவு 9 மணிக்கு மேல் இந்தக் கடலுக்கு மேலேதான் ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே மூன்று பேர். 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கிக் கப்பல் அந்த விமானத்தின் சமிக்ஞையைக் கேட்டுச் சொல்ல, ஒரு மாதத்துக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள். அந்த மூவரின் கடைசி நிமிடங்களை நான் இங்கே ஊகிக்கப் போவதில்லை. ஆனால் இரவில் கடலுக்கு மேலே பறப்பது ஒரு மனிதனிடம் என்னென்ன கேட்கிறது என்று படிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை.

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பினால் அவற்றிலுள்ள நீர் பின்தங்கி, 'திரும்புகிறாய்' என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே ஓடி, 'நேராகப் போகிறாய்' என்று பொய் சொல்லும். உண்மையிலேயே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். பகலில் அடிவானம் தெரிவதால் கண் திருத்திவிடும். நிலவில்லாத இரவில் கடலேது, வானேது? மீன்பிடிப் படகுகளின் விளக்குகளே நட்சத்திரங்களாகத் தெரிந்து விமானிகளை ஏமாற்றியதுண்டு. அப்போது நம்ப வேண்டியது செயற்கை அடிவானம் காட்டும் கருவியை மட்டும்தான்.

அந்தக் கருவியே பொய் சொன்னால்? 1978 புத்தாண்டு நாளின் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா'வில் அதுதான் நடந்தது. விமானம் நேரான பிறகும் கேப்டன் பக்கத்துக் கருவி வலப்பக்கச் சாய்வையே காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். அந்தக் கருவியைப் பார்க்காதீர்கள் என்று விமானப் பொறியாளர் சொல்லிப் பார்த்தார். கிளம்பிய 101 விநாடிகளில் விமானம் கடலில் விழுந்தது. 213 உயிர்கள்.

உடனிருந்தவர் சொல்லியும் எடுபடாத இன்னொரு விபத்து மங்களூர்; அது இன்னும் வலிக்கிறது. 2010 மே 22 காலை. துபாயிலிருந்து வந்த விமானத்தில் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார், குறட்டை பதிவாகியிருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் புத்தி உடனே தெளிவதில்லை. விமானம் அதிக உயரத்தில் வந்தது. துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிவிடலாம் என்று மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள்.

1977இல் டெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்ட பிறகுதான், சின்னவர் பேசவும் பெரியவர் கேட்கவும் விமானிகளுக்குப் பாடமாகவே பயிற்சி தரத் தொடங்கினார்கள். அங்கேயும் ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறதோ என்று பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. கேப்டன் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

இதில் நான் யாரையும் குறை சொல்லத் தகுதியில்லாதவன். நான் தப்பாகத் திருத்திய பக்கத்தைக் காட்டி, "சார், இது சரியில்லையே" என்று சொல்ல எங்கள் உதவி ஆசிரியருக்கு அரை நாள் ஆயிற்று. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். அச்சகம் காத்திருக்கும், விமானம் காத்திருக்காது.

டோர்னியர் மறைந்த 2015 ஜூன், 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் தொழிலுக்குப் போகத் தொடங்கிய நேரம். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களில் அந்த இரவு கடலில் இருந்தவர்கள் யாரேனும் உண்டா? கரை தெரியாத இருட்டில் திசையை எப்படிப் பிடிப்பீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். கடலைப் பற்றி நான் இங்கே தப்பாக எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அரை நாள் தயங்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்