மின்சாரப் பேருந்தில் யாருக்கு இடம்?

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைகளுக்கு வந்தன. உலக வங்கியின் உதவியுடன் கட்டம் கட்டமாக இயக்கப்படவுள்ள 625 பேருந்துகளில் இவை முதல் தொகுதி. டீசல் புகை குறைவதும், சக்கர நாற்காலியில் வருவோர் ஏற முடிவதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும், இம்மாற்றத்தை உமிழ்வுக் கணக்கால் மட்டும் அளப்பது போதாது.

நகரின் காற்றை மிகக் குறைவாக மாசுபடுத்துவோர் நடந்தும் பேருந்திலும் வேலைக்குச் செல்லும் உழைக்கும் மக்களே. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அரசு அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். முன்பு நடந்து சென்ற வேலையிடம் இன்று 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பேருந்து வராத வேளையில் ஷேர் ஆட்டோவோ கடனில் வாங்கிய இருசக்கர வாகனமோதான் வழி. ஆக, குடியிருப்பு வெளியேற்றமே புதிய உமிழ்வை உருவாக்குகிறது. வாழ்விடத்திலேயே வீடு கட்டித் தருவது நிலவுரிமைக் கோரிக்கை மட்டுமன்று. அது காலநிலைக் கொள்கையும் ஆகும்.

அடுத்தது கட்டணம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத் திட்டத்தால் பெண்கள் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. இச்சலுகை சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இல்லை. புதிய பேருந்துகளில் குளிர்சாதன வகை பெருகி, சாதாரணப் பேருந்துகளின் நடைகள் குறையுமானால், தூய்மைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பெண்ணின் கைப்பணம்தான் கரையும்.

மூன்றாவது வேலைவாய்ப்பு. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு; அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. மின்சாரப் பேருந்துகளையோ ஒப்பந்த நிறுவனம் இயக்குகிறது. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு எனக் கழகம் பணம் தருகிறது. நடத்துநர் கழகத்தின் ஊழியர். ஓட்டுநர் நிறுவனத்தின் ஊழியர். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாததால், ஒரு தலைமுறைக்கு நிலையான ஊதியமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் அளித்த அரசுப் பணிக்கான வாசல், எந்தச் சட்டத் திருத்தமும் இல்லாமலேயே சாத்தப்படுகிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பேருந்துக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியில் பிறப்பது. அண்ணா சாலையில் குறையும் புகை எண்ணூரில் சாம்பலாகப் படியுமானால், அது உமிழ்வுக் குறைப்பன்று, இடமாற்றமே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கான சாதாரணக் கட்டணப் பேருந்து நடைகளின் எண்ணிக்கையை, அதிகாலை, பின்னிரவு நடைகள் உட்பட, அரசு வழித்தடவாரியாக வெளியிட வேண்டும். ஒப்பந்த ஓட்டுநர் நியமனத்திலும் இடஒதுக்கீட்டைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். மின்னேற்றத்துக்கான மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றக் காலவரையறை குறிக்க வேண்டும். எஞ்சிய பேருந்துகளுக்கான ஒப்பந்தங்களில் இவற்றை எழுதச் செய்வதே சமூகநீதி இயக்கங்களின் உடனடிப் பணி.