அஞ்சலி எது?

'கலைமேடையிற் சமூகப் பிரச்சினை எதற்கு?' என முகஞ் சுளிக்கும் தூய கலைவாதிகளுக்கு நாம் ஒரு திரைப்பதிவைக் காட்ட விரும்புகிறோம். 1992 ஏப்ரில் 20ஆந் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில், மறைந்த ரொக் இசைப் பாடகர் பிரெடி மேர்க்குரிக்காக நிகழ்ந்த அஞ்சலிக் கச்சேரியே அது.

தமக்கு எயிட்ஸ் நோயென்பதை 1991 நவம்பர் 23இல் பகிரங்கப்படுத்திய அவர், மறுநாளே மறைந்தார். அதுவரை வம்புப் பத்திரிகைகள் அவரை வேட்டையாடின. குயீன் குழுத் தோழர்களோ புகழ்மாலையோடு நின்றுவிடவில்லை; பாட்டுகளுக்கிடையே நடிகை எலிசபெத் ரெயிலர் நோய்த்தடுப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். திரண்ட பணம் எயிட்ஸ் எதிர்ப்பு நிதியமாயிற்று.

இதனால் இசை மாசுபட்டதா? இல்லை. வெட்கத்தால் மூடப்பட்ட மரணம் மக்கள் பிரச்சினையாயிற்று. கலைஞனுக்குப் பூமாலை சூட்டி, அவனைக் கொன்ற நோயின் பெயரை மறைப்பது அஞ்சலியன்று, கோழைத்தனமே!