மாலையானால் கால் வீங்குகிறதா? மாத்திரை மட்டும் போதாது!

பண்டிகை நெருங்கினால் தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி சாலையிலும் துணிக்கடைகள் நிரம்பி வழியும். வாடிக்கையாளர் உட்கார்ந்து புடவை பார்ப்பார். எடுத்துக்காட்டும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார். இரவு வீடு திரும்பும்போது செருப்பு இறுகும், கெண்டைக்கால் கனக்கும். 'அலைச்சல்தான்' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுபவர்கள் பலர்.

காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் போல அதை ஏற்றும். சிரைகளுக்குள் உள்ள வால்வுகள், ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 80-90 மி.மீ இருக்கும், நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானவர்களுக்கு நடந்தாலும் போதிய அளவு இறங்காது. இதுதான் நாள்பட்ட சிரை உயர் அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி வேறு, இது வேறு.

இந்த அழுத்தம் முடியைவிட மெல்லிய ரத்த நுண்குழாய்களையும் தாக்குகிறது. அவற்றிலிருந்து நீர் கசிவதால் வீக்கம் வருகிறது. சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் தங்குவதால் கணுக்காலுக்கு மேல் கருக்கிறது. வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்குகின்றன. கவனிக்காவிட்டால் ஆறாத புண்ணாகும்.

மாத்திரை என்ன செய்யும்?

டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் சேர்ந்த மாத்திரையை டாக்டர்கள் பரவலாகத் தருகிறார்கள். ஆரஞ்சு வகைப் பழத்தோலில் இருக்கும் சத்துகளிலிருந்து தயாராவது இது. நுண்குழாய்க் கசிவையும் வெள்ளையணுக்கள் ஒட்டுவதையும் குறைக்கும். புண் வந்தவர்களுக்கு, அழுத்தக் கட்டோடு பென்டாக்சிஃபைலின் கொடுத்தால் ஆற உதவும். வீக்கமும் கனமும் குறையும். ஆனால், பழுதான வால்வை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. மறுநாளும் பத்து மணி நேரம் நின்றால் அதே அழுத்தம்தான்.

கூடவே என்ன செய்யலாம்?

* டாக்டர் சொல்லும் அளவில் அழுத்தக் காலுறை அணியலாம். சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் அணிய வேண்டாம்.
* படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வைக்கலாம்.
* நிற்கும்போது அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம்.
* கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே மாத்திரை வாங்கக் கூடாது.
* ஒரே காலில் திடீர் வீக்கம், வலி என்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சும் வாங்கினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கடை ஊழியர்கள் வேலைக்கு நடுவே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்!