சிரிக்க வைத்தவர் போட்ட சோறு

கொலூஷ் என்ற பெயரைக் கேட்டாலே பிரான்சில் சிரிப்பு வரும். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். பூக்கடையில் வேலை செய்த தாயார்தான் கஷ்டப்பட்டு வளர்த்தெடுத்தார். 1981 ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்து அரசியல்வாதிகளைக் கலங்கடித்தார், பின்னர் விலகிக்கொண்டார். சிறந்த நடிகர் விருதும் 1984இல் கிடைத்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1985 செப்டெம்பரில் வானொலியில் பேசும்போது, குளிர்காலத்தில் ஏழைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுப்போமா என்று கேட்டார். பகிடி என்றே சிலர் நினைத்திருப்பார்கள். டிசம்பரில் 'இதய உணவகங்கள்' திறந்தன. அந்தக் குளிர்காலத்திலேயே 85 இலட்சம் சாப்பாடு!

அடுத்த குளிர்காலத்தை அவர் காணவில்லை. 1986 ஜூனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார், வயது 41. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்கள் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். உணவகங்களைத் தொண்டர்கள் இன்றும் நடத்துகிறார்கள்.