செமிலிங் சாலைக்கு யார் பொறுப்பு?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் நாம் முதலில் தேடுவது ஒய்.பி.யின் கைப்பேசி எண்ணை. சட்டமன்ற உறுப்பினரும் பாவம், தம் வேலையல்லாததற்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். செமிலிங்கில் தாமான் சாலை, அங்காடிக்கடை உரிமம், மதிப்பீட்டு வரி எல்லாம் சுங்கை பட்டாணி நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. குப்பை வேறு கதை. கெடாவில் 2011 முதல் அது மத்திய அரசின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் தனியார் நிறுவனத்திடம் போய்விட்டது.

கோலா மூடா மாவட்டத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறோம். நம் பகுதிக்கான நகராண்மைக் கழக உறுப்பினரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் அவருக்கு ஓட்டுப் போடவில்லையே, எப்படித் தெரியும்!

பிரேசிலில் சேரா டா சவுடாடே என்றொரு சிற்றூர். 2022 கணக்கெடுப்பில் அங்கே 833 பேர்தான். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் இதைவிடக் கூட்டம் கூடும். ஆனாலும் அது தனி நகராட்சி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மேயரையும் 9 மன்ற உறுப்பினர்களையும் வாக்களித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தனை சிறிய ஊருக்கு அது அதிகச் செலவுதான். ஆனால் சாலையில் குழி விழுந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் அங்கே இருக்காது.

நமக்கும் இந்த உரிமை இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957இல் அந்நகரின் முதல் மேயரானவர் டி.எஸ். ராமநாதன். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சித் தேர்தல் மீண்டும் வரவேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள். அவர்களை நியமிப்பது மாநில அரசு.

தேர்தல் வந்தால் நமக்கு இலாபமா? ஆமாம் என்று உடனே சொல்ல எனக்குத் தயக்கம். கெடாவில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம்மவர்கள் பல தாமான்களில் சிதறிப்போனார்கள். எந்த வட்டாரத்திலும் நம் ஓட்டு மட்டுமே யாரையும் வெற்றிபெற வைக்காது. நியமன முறையில் கட்சிப் பங்கீட்டில் நமக்கும் ஓரிரு நாற்காலிகள் கிடைக்கலாம். தேர்தலில் அதுவும் போகலாம். ஆனால் நியமிக்கப்பட்டவர் தம்மை நியமித்த கட்சியைத்தான் பார்ப்பார். ஓட்டுக்காக நிற்பவருக்கோ, வெற்றி இழுபறியாக இருக்கும் வட்டாரத்தில் ஐம்பது குடும்பங்களும் முக்கியம். எனக்கு அந்த ஐம்பது குடும்பங்களின் பேரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பினாங்கு 2012இல் தேர்தலுக்கெனத் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே இப்போதைக்கு ஓட்டு இல்லை.

ஆனால் அதே 1976 சட்டத்தின் 23ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, அதன் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் போய் உட்காரலாம். அடுத்த கூட்டம் என்றைக்கு, நம் பகுதிக்கு உறுப்பினர் யார் என்று கழக அலுவலகத்தில் கேளுங்கள். வேலைக்குப் போகும் இளையோர் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பாருங்கள்.