பட்டறை தெரிந்த ஊரில் பேக்கேஜை ஏன் குப்பையில் போட வேண்டும்?

பாடாலூர், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் விளைந்ததை எல்லாம் அன்றைக்கே விற்றுத் தீர்ப்பதில்லை. பட்டறை போட்டு வைக்கிறார்கள். விலை ஏறினால் விற்கலாம், அடுத்த நடவுக்கு விதையாகவும் ஆகும். காமர்ஸ் மாணவர்கள் சரக்கிருப்பு என்று படிப்பதும் இதைத்தான்.

சரி, இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

தமிழக அரசு 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. அதில் ஏபிடி-கெட் மூலம் ஒரு மென்பொருளை நிறுவினால், இறக்கிய டெப் கோப்பு வட்டிலேயே தங்கும். பென் டிரைவில் எடுத்துப்போய் பக்கத்து வீட்டு லேப்டாப்பிலும் போடலாம். நெட் செலவு ஒரே தடவை.

2016ல் உபுண்டு 16.04 வந்தது. அதிலிருந்த ‘ஏபிடி’ என்கிற புதிய கட்டளை, நிறுவி முடித்ததும் கோப்பை அழித்துவிடுகிறது. பழைய ஏபிடி-கெட் மட்டும்தான் வைத்திருக்கிறது. கேட்டால், வட்டில் இடம் மிச்சமாம்! யாருக்கு மிச்சம்? வட்டு ஒரு தடவை வாங்குவது. டேட்டா பேக் தினமும் தீர்வது. அளவில்லா இணைப்பு உள்ளவன் போட்ட கணக்கு இது.

என்பிஎம் இன்னொரு ரகம். இறக்கியதைப் பொதுக் கேஷில் வைக்கிறது, அது நல்லது. ஆனால் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்குள்ளும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் மறுபடியும் ஒரு நகல். பத்து ப்ராஜெக்ட், பத்து நகல்! ஒரே கிடங்கில் வைத்து ஹார்ட் லிங்க் கொடுத்தால் போதும் என்று பிஎன்பிஎம் செய்தே காட்டிவிட்டது. கையிருப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் நீக்கினார். உலகம் முழுக்க பில்டுகள் படுத்துவிட்டன.

“பழைய கோப்பை வைத்திருந்தால் பாதுகாப்பு போய்விடுமே” என்பார்கள். போகாது. ஏபிடி இறக்கும்போதே கையொப்பமிட்ட பட்டியலின் ஹேஷோடு ஒப்பிட்டுத்தான் கோப்பைக் கேஷில் வைக்கும். பட்டியலில் புதிய பதிப்பு வந்திருந்தால் புதியதைத்தான் இறக்கும்.

30 கணினி உள்ள ஒரு கல்லூரி லேபில் 200 எம்பி மென்பொருள் போடுவதாக வையுங்கள். தனித்தனியாக இறக்கினால் 6 ஜிபி. ஒரு கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி வைத்து மற்றவற்றை அதற்குத் திருப்பிவிட்டால் வெளியிலிருந்து வருவது அதே 200 எம்பிதான். மென்பொருள் இலவசம், வேலை ஒரு மணி நேரம்.

நெட் ஸ்லோ என்று புலம்புவதை விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் லேபில் கேட்டு வாங்குங்கள் மக்களே...