ஒற்றைப் பிரதி

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், மாலை மங்கும் நேரத்தில், உடப்பிலிருந்து மாணவனொருவன் தன் தந்தையாருடன் எமது இல்லத்திற்கு வந்தான். கையிலே ஒரு மடிக்கணினி. அதனைப் பழந்துணியிற் சுற்றி, காய்ச்சற்காரப் பிள்ளையைத் தூக்கி வருபவன்போல் மார்போடு அணைத்திருந்தான். கட்டாரிலிருக்கும் தமையன் ஐந்தாண்டுகளுக்கு முன் அனுப்பியதாம் அது. அன்று காலை திறந்தபோது, கருந்திரையில் ஆங்கில எழுத்துகள் ஒரு வரி தோன்றின, அவ்வளவே. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“லப்டொப் போனாற் போகட்டும் மாஸ்டர், ஐயாவின் பாட்டு உள்ளே இருக்குது” என்றார் தந்தையார்.

ஐயா என்றது அவரைப் பெற்ற தந்தையை. கரைவலை இழுக்கும் சம்மாட்டிமாரிடம் நெடுங்காலம் தொழில் செய்தவர். அம்பாப் பாடல்களை வாய்ப்பாடமாக அறிந்தவர். உடப்பின் அம்பாவை அறியாத வாசகர்க்கு ஒரு சொல்: கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையிலே இரு வரிசையாக நின்று இழுப்போர், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் தொடர்ந்து பாடும் தொழிற்பாட்டு அது. கைகள் ஒன்றாக வலிப்பதும் கால்கள் ஒன்றாகப் பின்னடைவதும் அப்பாட்டின் தாளத்தினாலேயே. ஏட்டில் எழுதப்பெறாது செவிவழி வந்தவை பல. பேரன் தன் பாடசாலைச் செயற்றிட்டத்திற்காகப் பாட்டனாரைக் கொண்டு பதினொரு பாடல்களைக் கைப்பேசியிற் பதிவு செய்திருக்கிறான். கைப்பேசியில் இடம் போதாமையால் அவற்றை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துமிருக்கிறான். கிழவனார் கடந்த மார்கழியிற் காலமானார்.

கணினியை மேசைமேல் வைத்து மின்னிணைப்புக் கொடுத்தோம். ஓரிரு விநாடி மௌனம். பின்னர் “டக்... டக்... டக்” என்று, மரங்கொத்தி தொலைவிற் கொத்துவதுபோல ஒழுங்கான ஓசை. உடனே அணைத்துவிட்டோம். பையன் திகைத்தான், காலைமுதல் இருபது தடவையேனும் அதனைப் போட்டுப் பார்த்திருக்கிறான்!

அவ்வோசை யாது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஹாட் டிஸ்க் என்று யாவரும் வழங்கும் வன்தட்டு, 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் உலகிற்கு அளித்த பொருள். முதன்முதல் வந்த அந்த இயந்திரத்தில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. எடை ஒரு தொன்னுக்கு மேல். அத்துணைப் பெரிய பூதம் அடக்கிவைத்தது ஐம்பது இலட்சம் எழுத்துகளை மட்டுமே. கைப்பேசியில் எடுக்கும் நிழற்படமொன்று இன்று அவ்வளவு இடத்தை விழுங்கிவிடுகிறது. உருச் சுருங்கிவிட்ட போதிலும் உள்ளிருக்கும் வித்தை மாறவில்லை. காந்தப் பூச்சுப் பூசிய தட்டு, மடிக்கணினியிற் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்றுகள் சுழல்கிறது. அதன் விளிம்பு மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அவ்வோட்டத்தால் எழும் காற்றிலே மிதந்தவாறு, வாசிக்கும் தலை தட்டைத் தொடாமற் பறக்கிறது. இடைவெளி எவ்வளவு? ஒரு தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்திலொரு பங்கு! புகைத்துகள் ஒன்றும் அவ்விடைவெளியிற் புக இயலாது.

தலை பழுதுற்றால், தட்டில் எங்கு நிற்கிறோம் என்பதை அறியும் அடையாளங்களை அதனால் வாசிக்க முடிவதில்லை. தேடுகிறது, தோற்கிறது, தன் தரிப்பிடத்திற்குத் திரும்புகிறது, மீண்டும் தேடுகிறது. அந்தத் தவிப்பின் ஒலியே நாம் கேட்டது. தலை முறிந்தோ வளைந்தோ இருப்பின், ஒவ்வொரு முறை மின் கொடுக்கும்போதும் தட்டின் பூச்சு சுரண்டப்படக்கூடும். சுரண்டப்பட்ட பூச்சிலே இருந்தது பாட்டாயினும் படமாயினும் தூளாய்ப் போயிற்று. அதனை மீட்க எவராலும் இயலாது. ஆதலின் இந்த ஓசை கேட்டவுடன் செய்யவேண்டியது ஒன்றே: அணைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுதல்.

தந்தையார் மற்றுமொரு செய்தி சொன்னார். அயலிலுள்ள இளைஞரொருவர், வன்தட்டைக் கழற்றிப் பொலித்தீனிற் சுற்றி மீனுக்குப் போடும் ஐஸ் பெட்டியில் ஓரிரவு வைத்தால் மறுநாள் வேலை செய்யும் என்று ஆலோசனை கூறினாராம். பெட்டி ஆயத்தமாகவே இருந்ததாம்! இவ்வைத்தியம் முழுப் பொய்யன்று. முற்காலத்துத் தட்டுகளிற் சில, குளிரிற் சற்றே சுருங்கிச் சிக்கல் நீங்கிச் சிறிது நேரம் ஓடியதுண்டு. ஆயின் குளிர்ந்த பொருளை எமது கரையோரக் காற்றிலே வெளியே எடுத்தால் நடப்பதென்ன? ஐஸ் தண்ணீர்க் குவளையின் புறத்தே முத்து முத்தாக நீர் கோப்பதை நாம் தினமும் காண்கிறோம். தட்டின்மீது அவ்வாறு ஒரு துளி பனித்தாலும் பறக்கும் தலைக்கு அது மலை. ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் வாவியும் சூழ்ந்த நிலத்திலே, உப்புக் காற்றுச் சைக்கிள் சங்கிலியையே ஓராண்டில் தின்றுவிடும் ஊரிலே, இவ்வைத்தியத்தை எவரும் கையாளலாகாது. பெட்டியை மீனுக்கே விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டோம்.

ஓசையின்றிப் பழுதாகும் தட்டுகளும் உள. கணினி மிக மந்தமாகும், சில கோப்புகள் திறவா, இடையிடையே உறையும். தட்டு இன்னும் வாசிக்கப்படுகிறது என்பதற்கு இஃது அடையாளம். வீட்டிலேயே சிறிது முயலலாம். அங்கும் பலர் செய்யும் தவறு, விண்டோஸ் தரும் திருத்தும் கட்டளையை உடனே ஓடவிடுவது. அது தட்டின்மேல் எழுதும். சாகக் கிடப்பவனை வேலை வாங்குவதற்கு ஒப்பானது. முதலிற் பிரதி, பின்னரே மருத்துவம் என்பதே முறை. தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பு உறையிலிட்டு, வேறொரு கணினியிற் பொருத்தி, அதனினும் பெரிய நல்ல தட்டொன்றுக்கு முழுப் பிரதி எடுக்கவேண்டும். ‘டீடீரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. நலமான பகுதிகளை முதலில் விரைந்து பகர்த்தெடுத்து, பழுதுற்ற இடங்களைத் தாண்டிச் சென்று, இறுதியிலேயே அவற்றிற்குத் திரும்பும். மீட்கும் முயற்சிகளை அந்தப் பிரதியின்மேற் செய்துகொள்ளலாம். மூலத்தை மீண்டும் தொடவேண்டியதில்லை.

இன்று கடைகளில் வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. உடையவை. சுழலும் தட்டோ பறக்கும் தலையோ அதில் இல்லை. நுண்ணிய சிலிக்கன் அறைகளிற் சிறைப்பட்ட மின்னேற்றமே எழுத்தாக நிற்கிறது. மேசையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் இது இறக்கும்போது முனகுவதுமில்லை. நேற்று இரவு வரை வேலை செய்தது இன்று காலை கணினியின் கண்ணுக்கே தென்படாது போகும். ஏவலாளனாகிய கட்டுப்பாட்டுச் சில்லு கெட்டால், அறைகள் நலமாயிருந்தும் எந்த அறையில் எது இருக்கிறதென்று சொல்ல ஆளில்லை. அழித்த கோப்பை மீட்பதும் இதிற் கடினம். அழித்த இடத்தை அது தானே முன்கூட்டித் துடைத்துவைத்துக் கொள்ளும். சில கணினிகளில் இதனைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்திருப்பதால் கழற்றவும் இயலாது.

இன்னொரு பூட்டும் உண்டு. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றிற் சேமிப்பு முழுதும் ‘பிற்லொக்கர்’ என்னும் மறைகுறிப்பிலேயே இருக்கிறது. பலர் அதனை அறியார். தட்டைக் கழற்றி வேறு கணினியில் இட்டால் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசொப்ற் கணக்கிலே பதிவாகியிருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல்லையும் மறந்தவர்க்குப் பெருமாள்தான் துணை. இவ்வாரமே அத்திறவுகோலைத் தேடி, தாளில் எழுதி, வீட்டு உறுதிப்பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

“முன்கூட்டியே தெரியாதா சேர்?” என்று பையன் கேட்டான். சிறிது தெரியும். தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு உண்டு. ‘கிறிஸ்ரல் டிஸ்க் இன்போ’ போன்ற இலவச மென்பொருளால் அக்குறிப்பைப் பார்க்கலாம். பழுதுற்றதால் மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகளின் தொகை ஏறிக்கொண்டே போனால் அபாயம். ஆயினும் 2007இல் கூகிள் ஆய்வாளர் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலே, செத்த தட்டுகளில் 36 சதவீதத்திற்கு மேற்பட்டவை அக்குறிப்புகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன என்று கண்டனர். பெருந்தொகையான தட்டுகளை ஓட்டிவரும் பக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 2024 கணக்கின்படி, ஆண்டொன்றிற் பழுதாவது 1.57 சதவீதம். நூற்றுக்கு ஒன்றரைதானே என்று தோன்றும். அந்த ஒன்றரையில் ஒன்று உடப்புக்கு வந்ததே, அதற்கென்ன செய்வது?

பிரதி எடுத்தல் எமக்குப் புதிதன்று. ஓலைக்கு ஆயுள் குறைவு என்று அறிந்த முன்னோர், ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பகர்த்து வைத்தனர். எவர் பகர்க்கவில்லையோ அவர் வீட்டு நூல் ஒழிந்தது. ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இல்லை. இன்று அவற்றில் நாம் படிக்கும் செய்யுள்களிற் பெரும்பகுதி, புறத்திரட்டு என்னும் தொகைநூலைச் செய்தவர் தமக்குப் பிடித்தவற்றை எடுத்துவைத்தமையால் தப்பியவை. அவருக்குப் பிடிக்காதவை என்னவாயினவோ! எமது மாவட்டத்துக் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியவர்கள் (1807–1860), புலவர் வரலாறுகளைத் திரட்டி ‘தமிழ் புளூராக்’ என ஆங்கிலத்தில் எழுதினார். 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிப் பல கைகளுக்குச் சென்றமையால் அந்நூல் இன்றும் கிடைக்கிறது. கையெழுத்துப்படியாகக் கற்பிட்டி வீட்டுப் பெட்டியொன்றிலே கிடந்திருப்பின் கறையான் அதனைப் படித்து முடித்திருக்கும்.

கதைக்கு வருவோம். தட்டைக் கொழும்பிலுள்ள தரவு மீட்போரிடம் அனுப்பினோம். தூசு நீக்கிய காற்றுள்ள அறையிலே அதனைத் திறந்து, அதே மாதிரித் தட்டொன்றிலிருந்து எடுத்த நல்ல தலையைப் பொருத்தி வாசிப்பது அவர்தம் முறை. திறந்த கூடத்திலே திருகாணியைக் கழற்றிப் பார்க்கத் துணிவோர் இதனைக் கருத்திற் கொள்க. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது, முடியாதிருப்பினும் பயனில்லை, உத்தரவாதம் புதிய தட்டைத் தருமேயன்றி உள்ளிருந்ததைத் தராது. கேட்ட கூலி, அக்குடும்பத்தின் ஒரு மாத வருவாய்க்கு அண்மையது. கட்டாரிலிருந்து தமையன் அனுப்பினான். மூன்று வாரத்தின் பின் விடை வந்தது. பதினொன்றில் நான்கு பாடல்கள் முழுமையாக, ஒன்று பாதியில் அறுந்து, எஞ்சியவை இல்லை. குடும்பப் படங்களிற் பெரும்பாலானவை மீண்டன.

மீண்டவற்றை வாங்கிய அன்றே மூன்று பிரதியாக்கினோம். மூன்று பிரதிகள், இருவகைக் கருவிகள், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையார் பொதுவாகக் கூறும் கணக்கு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீற்றர் குரோ அதனை 3–2–1 எனப் பரவச் செய்தார். ஒன்று புதிய எஸ்.எஸ்.டி.யில், ஒன்று வெளித்தட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பில். பாடல்கள் என்ன பெரிய இடம் பிடிக்கும்? கூகிள் விலையின்றித் தரும் 15 கிகாபைற்றில் ஒரு மூலைக்குக் காணாது. வெளித்தட்டை அதே வீட்டு அலுமாரியில் வைக்கவேண்டாம் என்றோம். 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளம் புத்தளம் மாவட்டத்திலும் வீடுகளுட் புகுந்ததை மறந்தவரில்லை. வெள்ளம் மூலத்தையும் பிரதியையும் பேதம் பார்ப்பதில்லை. அது சிலாபத்திலுள்ள மாமியார் வீட்டுக்குப் போயிற்று. இங்கு ஓர் எச்சரிக்கை: கைப்பேசியும் இணையமும் ஒன்றையொன்று ஒத்துச் செல்லும்படி வைத்திருப்போர், ஓரிடத்தில் அழித்தால் மற்றதிலும் அழியும் என்பதை அறிதல் வேண்டும். அது நிழல், பிரதியாகாது. எடுத்துவைத்த பிரதி திறக்கிறதா என்று இடைக்கிடை திறந்து பார்ப்பதும் வேண்டும்.

மற்றுமொரு பிரதி நூலக நிறுவனத்திற்கு அனுப்பப்பட இருக்கிறது. 1981 யூன் முதல் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. அந்த வடு ஆறாத சமூகத்திலே, 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறது, ஒலிப்பதிவுகளையும் ஏற்கிறது. கரைவலைக்காரர் ஒருவரின் குரலுக்கு அங்கு இடமுண்டு.

எஞ்சிய பாடல்களில் மூன்றை உடப்பிலுள்ள இன்னொரு முதியவர் அறிவாராம். அவர் மக்களோடு வாடி அமைத்துத் தொழில் செய்யக் கீழைக் கரைக்குப் போயிருக்கிறார். வாடைக்காற்றுத் தொடங்கத்தான் ஊர் திரும்புவார். பையன் கைப்பேசியிலுள்ள விளையாட்டுகளை அழித்து இடம் செய்துகொண்டு காத்திருக்கிறான்.